எல்லைக்கல்லில் வெடித்த கார்பைன்

"கார்பைனுக்கும் மத்த துப்பாக்கிக்கும் என்னா வித்தியாசம்னு ஒரு ரெண்டு வரி எழுதிக் குடுங்க பாய். ஆண்டு மலர்ல போட்டுடறோம்."

கேட்டவர்கள் இரண்டு இளைஞர்கள். ஆயுதப்படைக் கிடங்கில் நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள். பழைய கார்பைன்களை எல்லாம் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாம். ஒப்படைப்பதற்கு முன்னால் அதைப் பற்றித் தெரிந்த கிழவன் எவனாவது உயிரோடு இருக்கிறானா என்று தேடி என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ரெண்டு வரியாம்! எனக்கு வந்த கோபத்தில் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர்களும் மரியாதைக்கு அப்படியே குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வித்தியாசத்தில் ஒரு மனுஷனுடைய வேலையும் மானமும் தொங்கிக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தவன். அதை ரெண்டு வரியில் எழுத என்னால் ஆகாது. இன்றைக்கும் நினைத்தால் கை பரபரக்கிறது. உட்கார்ந்து எழுதவே பொறுமை இல்லை, எழுந்து நடந்து காட்டலாம் போலிருக்கிறது.

நான் கிருஷ்ணகிரிக்காரன். வாப்பா பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். போலீசில் சேர்ந்த புதிதில் எங்கள் கம்பெனியின், அதாவது எங்கள் படைப்பிரிவின், ஆயுத அறைப் பூட்டு ஒருநாள் மக்கர் பண்ணியது. அதை நான் ஒரு கம்பியால் திறந்து கொடுத்தேன். இதைச் செய்பவனை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்று நினைத்தார்களோ என்னவோ, ஆர்மரர் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பராமரிக்கிற வேலை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்ணெய், கந்தல் துணி, திட்டு. திட்டு மட்டும் அளவில்லாமல் கிடைத்தது. முடித்துவிட்டு வந்ததும் ஓசூரில் இருந்த எங்கள் முகாமின் ஆயுதக் கிடங்கில் போட்டார்கள். ஐம்பதுகளின் ஆரம்பம் அது. அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது.

கிடங்கில் பெரும்பாலும் மஸ்கட்டும் ரைஃபிளும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புதியவனுக்கு வித்தியாசம் தெரியாது. குழலுக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். மஸ்கட் உள்ளே வழவழவென்று இருக்கும். ரைஃபிளின் உள்ளே திருகு திருகாக மரை ஓடும். அந்த மரைதான் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழலுகிற குண்டு நேராகப் போகும். சுழலாத குண்டு கொஞ்ச தூரம் போனதும் தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும். ரைஃபிளின் குழலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கும்போது அந்த மரை மினுமினுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போகும் பாருங்கள், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததே இல்லை.

மூலையில் ஒரே ஒரு பழைய கார்பைன் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைப்படைச் சாமான். அதற்குத் தோட்டாவும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. மரை இருந்தது, விசை இருந்தது, எல்லாம் ரைஃபிள் மாதிரியே. ஆனால் குட்டை. ரைஃபிளுக்குத் தம்பி மாதிரி இருக்கும். நான் எங்கள் ஆர்.ஐ.யிடம் போய்க் கேட்டேன்.

ஆர்.ஐ. என்றால் ரிசர்வ் இன்ஸ்பெக்டர், முகாமுக்கே அவர்தான் தலைவர். பெயர் நஞ்சப்பா. தளி பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்லவே மாட்டார். பதிலை நம் உடம்பில் ஏற்றிவிடுவார்.

"ஐயா, ரைஃபிளைக் குட்டை பண்ணினதுதானுங்களே கார்பைன்? என்னத்துக்குங்க குட்டை பண்ணினாங்க?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "நாளைக்குக் காலைல மத்திகிரிக்கு வா. அதையும் எடுத்துக்க, ஒரு ரைஃபிளும் எடுத்துக்க. தோட்டா வேணாம்."

மத்திகிரிக் கால்நடைப் பண்ணையில் அப்போது மாடுகளோடு சில குதிரைகளும் இருந்தன. அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்த இடம் அது. ஆர்.ஐ. பண்ணைக்காரர்களிடம் கன்னடத்தில் ஏதோ பேசினார். ஒரு செவலைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் அதற்கு முன் ஜட்கா வண்டியில் ஏறியதோடு சரி.

"ரைஃபிளோட ஏறு."

ஏறினேன். ரைஃபிளைத் தோளில் மாட்டினால் அதன் பின்பக்க மரக்கட்டை குதிரையின் முதுகில் இடிக்கிறது. கையில் குறுக்கே பிடித்தால் குழல் முனை அதன் காதை உரசுகிறது. "குறி பாரு" என்றார். குறி பார்க்கத் தூக்கித் திருப்பினேன். கட்டை போய்க் குதிரையின் கழுத்தில் ஒரு குத்து. அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. நான் பசும்புல் கட்டுகளின் மேல் மல்லாக்கக் கிடந்தேன், ரைஃபிளை மட்டும் விடவில்லை. பண்ணை ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இப்ப கார்பைனோட ஏறு."

ஏறினேன். தொடையை ஒட்டி அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன், குதிரையின் தலைக்கு மேலாகக் குறி பார்த்தேன். குதிரைக்கு நான் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. நான் ஏதோ பெரிய தளபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"சொல்லு இப்ப. என்னத்துக்குக் குட்டை பண்ணினாங்க?"

"கீழ விழாம இருக்கறதுக்குங்க ஐயா."

"அவ்வளவுதான் பாய் கார்பைனு." ஆர்.ஐ. சிரித்துவிட்டார். "ஆனா சும்மா கிடைக்கறதில்ல. குழல் குட்டையானா வெடிமருந்து உள்ளயே எரிஞ்சு முடியாது, வெளிய வந்து எரியும். சத்தம் ஜாஸ்தி, நெருப்பு ஜாஸ்தி, தோள்ல உதை ஜாஸ்தி, தூரம் மட்டும் கம்மி. கைக்கு அடக்கம் வேணும்னா அதையெல்லாம் பொறுத்துக்கணும்."

அவர் வாயால் இவ்வளவு நீளமாகச் சொன்னதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் புதுக் கார்பைன்கள் வந்தன. மதராஸ் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. மைசூர் ராஜ்யத்துப் பக்கமிருந்து லாரிகளில் சாராயம் ஒளித்துக் கொண்டுவருவார்கள், நிறுத்தச் சொன்னால் ஆள் மேலேயே ஏற்றப் பார்ப்பார்கள். அதனால் ஜூஜுவாடி எல்லைச் சோதனைச் சாவடிக்கு என்று மேலிடத்தில் ஸ்டென் கார்பைன்களை அனுப்பியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது எனக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தால், ஐயோ! மரமே இல்லை. தண்ணீர்க் குழாயை வெட்டிப் பற்றவைத்த மாதிரி ஒரு சாமான். பக்கவாட்டில் தோட்டாப்பெட்டி, மேகசின் என்போமே, அது நீட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் இரும்புச் சட்டம் ஒன்று, அதுதான் கட்டையாம்.

"இதுக்கும் கார்பைனுன்னுதான் பேரு. குதிரை எங்கன்னு கேக்காத. இப்ப ஜீப்புதான் குதிரை," என்றார் ஆர்.ஐ.

அன்று சாயங்காலத்துக்குள் அதைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ரைஃபிளில் தோட்டாவை உள்ளே தள்ளி, போல்ட்டைத் திருப்பிப் பூட்டுகிறோம். தோட்டா குழலுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். விசையை இழுத்தால் ஊசி மட்டும் போய் அடிக்கும். இதில் பூட்டும் இல்லை, தனி ஊசியும் இல்லை. கனமான ஒரு இரும்பு போல்ட், அதன் முகத்தில் ஒரு சின்னக் குமிழ், பின்னால் ஒரு ஸ்பிரிங். போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்திவைக்கிறோம். விசையை இழுத்தால் அது பாய்ந்து முன்னால் போகும். போகிற வழியில் மேகசினிலிருந்து ஒரு தோட்டாவைத் தட்டிக்கொண்டு போய்க் குழலில் தள்ளும், தள்ளிய வேகத்திலேயே குமிழ் அடித்து வெடித்துவிடும். தோட்டாவும் ரைஃபிள் தோட்டா இல்லை, கைத்துப்பாக்கியில் போடுகிற குட்டைத் தோட்டா. தூரம் போகாது. பக்கத்தில் இருப்பவனுக்கு அது போதும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. போல்ட் முன்னால் சாந்தமாகக் கிடக்கிறது, மேகசின் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். பார்ப்பவனுக்கு அது தூங்குகிற துப்பாக்கி. ஆனால் கட்டையைக் கீழே ஓங்கி இடித்தால், துப்பாக்கி நின்றுவிடும், உள்ளே இருக்கிற கனமான போல்ட் நிற்காது. அது பின்னால் இறங்கிவிடும். பிடித்து நிறுத்துகிற கொக்கி வரைக்கும் போகாமல், தோட்டாவைத் தாண்டும் அளவுக்கு மட்டும் இறங்கினால் போச்சு. ஸ்பிரிங் அதை முன்னால் எறியும். விசையை யாரும் தொடாமலே ஒரு தோட்டா வெடிக்கும்.

ரைஃபிளை இடித்தால் ஒன்றும் ஆகாது. அதுதான் எங்கள் ஆட்களுக்கு வந்த வினை. போலீஸ்காரன் சேர்ந்த நாளிலிருந்து ரைஃபிளை இடித்து இடித்தே வளர்ந்தவன். "அட்டேன்ஷன்" என்ற சத்தம் காதில் விழுந்தால் ரைஃபிள் எங்கே இருந்தாலும் இறங்கி, வலது காலுக்குப் பக்கத்தில் தரையில் 'டக்'கென்று நிற்க வேண்டும். மொத்தக் கம்பெனிக்கும் ஒரே 'டக்'காகக் கேட்க வேண்டும். இரண்டு 'டக்' கேட்டால் அன்றைக்குச் சோறு லேட்.

கார்பைன் வகுப்பு எடுக்கும் பொறுப்பை ஆர்.ஐ. என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. "இது ரைஃபிள் இல்ல. இது கழுத்துல வார்ல தொங்கணும், தரையப் பாக்கக்கூடாது" என்று தொண்டை கட்டும்வரை கத்துவேன். பழக்கத்தில் எவனாவது கட்டையைத் தரையில் வைத்துவிட்டால், காலிக் கார்பைனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். என் வகுப்பில் ஓடாதவர்கள் குறைவு. நான் நிழலில் நின்று விசில் ஊதுவேன்.

அப்படி ஓடியவர்களில் ஒருவன் கோவிந்தன். சாமல்பட்டிக்காரன், விவசாயக் குடும்பம். ரைஃபிள் பயிற்சியில் அவனை அடிக்க ஆள் இல்லை. முதல் வரிசையில் அவனைத்தான் நிறுத்துவார்கள். மற்றவர்கள் அவன் சத்தத்தைக் கேட்டுத் தங்கள் சத்தத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். அதனாலேயே கார்பைன் அவனுக்குச் சுலபத்தில் படியவில்லை. ஆனாலும் தேறிவிட்டான், ஜூஜுவாடிச் சாவடிக்குக் காவலுக்கு அனுப்பினோம்.

சாவடி சப்-இன்ஸ்பெக்டர் பெயர் சுந்தரம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்தவர். கெட்டவர் இல்லை, ஆனால் சட்டம் பேசுகிறவர். எப்போதும் ஒரு கைப்பிரம்பு இடது கக்கத்தில் இருக்கும். கோவிந்தனின் மனைவிக்கு அது தலைப்பிரசவம். லீவு கேட்டான். ஆள் பற்றவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். இவன் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி, "இந்த ஆளு தலையில என்னிக்கு இடி விழுதோ, அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டான். கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதான்.

அடுத்த சில நாளில், நல்ல மத்தியானத்தில், அது நடந்தது. கோவிந்தன் சாவடிக்கு வெளியே காவல் நின்றிருந்தான். மைசூர் ராஜ்யத்து அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்த லாரியை, கார்பைனைக் கழுத்து வாரிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது சுந்தரம் பின்னாலிருந்து நடந்து வந்திருக்கிறார். அவரைப் பார்த்த ஏட்டையா உள்ளேயிருந்து "கார்டு! அட்டேன்ஷன்!" என்று குரல் கொடுத்தார். கோவிந்தன் திரும்பினான். டமால். சுந்தரத்தின் தொப்பி பறந்து போய்ப் புளியமரத்தடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் முன்விளிம்பில் ஒரு ஓட்டை, உச்சியில் ஒரு ஓட்டை. நூல் இழையில் உயிர் தப்பியிருக்கிறது.

சுந்தரம் நடுங்கிப்போய்விட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான். லாரி டிரைவர், துப்பாக்கி சுந்தரத்தின் பக்கமாகத்தான் இருந்தது என்று கன்னடத்தில் சாட்சி சொன்னான். சமையல்காரர், இடி விழவேண்டும் என்று கோவிந்தன் சொன்னதைச் சொன்னார். மேலதிகாரியைக் கொல்லப் பார்த்தான் என்று ஆகிவிட்டது. வேலை போவது மட்டுமில்லை, ஜெயில். மேலிடத்தில் நஞ்சப்பாவை விசாரித்து அறிக்கை தரச் சொன்னார்கள், அதைப் பார்த்து வழக்குப் போடுவதாக ஏற்பாடு. அதுவரை கோவிந்தன் முகாமில் ஒரு அறையில் காவலில் இருந்தான்.

நான் அவனைப் போய்ப் பார்த்தேன். "பாய், அல்லா மேல ஆணையாச் சொல்லுன்னு என்னைக் கேக்காதீங்க, எங்கூரு சாமி மேல சொல்றன். விசைய நான் தொடவே இல்ல பாய். சத்தம் கேட்டுது, கை தானா எறங்கிடுச்சி," என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனை வெளியே கொண்டுவராமல் விடுவதில்லை என்று அங்கேயே தீர்மானம் பண்ணிக்கொண்டேன்.

தோட்டாவிலிருந்து குண்டையும் மருந்தையும் எடுத்துவிட்டு, குண்டுக்குப் பதில் மரத்தில் மூக்குச் செதுக்கி வைத்தேன். அடியில் இருக்கிற கேப், அடிபட்டதும் பொறி கிளப்புகிற சின்ன மூடி, அது மட்டும் அப்படியே. வெடித்தால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், யாருக்கும் ஆபத்தில்லை. ஆர்.ஐ.யையும் சுந்தரத்தையும் கிடங்குக்கு வரச்சொல்லி, கோவிந்தனின் கார்பைனில் அதைப் போட்டு, கட்டையைத் தரையில் இடித்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஓங்கி இடித்தேன். டப்! நான் துள்ளிக் குதித்துவிட்டேன்.

"பாத்தீங்களா ஐயா! விசைப் பக்கம் விரலே போகல!"

ஆர்.ஐ. தலையை ஆட்டினார். சுந்தரம் என் கையிலிருந்து கார்பைனை வாங்கி, கையைத் தொங்கவிட்டுப் பிடித்துக் காட்டினார். கட்டை தரைக்கு மேலேயே நின்றது.

"சார், இது குட்டை. ரைஃபிள் மாதிரி இறக்கினா தரைக்கே எட்டலை. எட்டாத துப்பாக்கியை அவன் எப்படி இடிச்சிருப்பான்? சரி, எட்டுதுன்னே வச்சுக்குவோம். கையில இருக்கறது கார்பைன்னு தெரிஞ்சு, இடிச்சா வெடிக்கும்னு இந்தப் பாய்கிட்டயே பாடம் கேட்டவன், எவனாவது இடிப்பானா? துப்பாக்கி தானா வெடிக்கும்னு இவர் காட்டிட்டார். இவன் இடிச்சான்னு யார் காட்டறது?"

கேள்வி நியாயமான கேள்வி. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆர்.ஐ. மீசையைத் தடவினார். "எடத்துலயே போய்ப் பாப்போம்," என்றார்.

ஜூஜுவாடியில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் தொழிற்சாலை. அன்று சாலையின் இரண்டு பக்கமும் கேழ்வரகு. சாவடிக்கு முன்னால் இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவில் ஒரு எல்லைக்கல், சுண்ணாம்பு அடித்தது. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், தலை தட்டை. "எங்க நின்ன?" என்று ஆர்.ஐ. கேட்டதும் கோவிந்தன் நேரே போய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். கல் அவனுடைய வலது காலை ஒட்டி இருந்தது.

நான் ஓடிப்போய் மண்டியிட்டுப் பார்த்தேன். கல்லின் தலையில் சுண்ணாம்பு பெயர்ந்து, இரும்பு இழுத்த கீறல் ஒன்று. கார்பைனின் கட்டையை அதன்மேல் வைத்தேன். பொருந்தியது. "ஐயா! எட்டுதுங்க ஐயா! கல்லு தூக்கிக் குடுத்திருக்குதுங்க!" என்று கத்தினேன். லாரிகளில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

சுந்தரமும் குனிந்து பார்த்தார். "சரி, எட்டுது. ஒத்துக்கறேன். இடிச்சானா?"

மரத்தோட்டா போட்ட கார்பைனைக் கோவிந்தனிடம் கொடுத்தார்கள். "அன்னிக்கு எப்படிச் செஞ்சயோ அப்படியே செய்," என்றார் ஆர்.ஐ. அவன் இறக்கினான். கட்டை குழந்தையைத் தொட்டிலில் படுக்கவைக்கிற மாதிரி கல்லின் மேல் உட்கார்ந்தது. இன்னொரு தடவை. அதே கதைதான். அவன் முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"முடியலீங்க ஐயா. நெனச்சிப் பண்ணினா வரமாட்டேங்குது. பயமா இருக்குது."

"பார்த்தீங்களா சார்," என்றார் சுந்தரம். அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆர்.ஐ. ஜீப் நின்ற புளியமரத்தடிக்குப் போய்விட்டார். வெற்றிலை போடப் போகிறார் என்று நினைத்தேன். நான் கோவிந்தனிடமிருந்து கார்பைனை வாங்கிக்கொண்டு, அவன் நின்ற இடத்தில் நின்று, சுந்தரத்திடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். "ஐயா, போல்ட்டு எவ்வளவு எறங்கினா வெடிக்கும்னு நான் சொல்றன் கேளுங்க, ரைஃபிளுக்கும் கார்பைனுக்கும் இருக்கிற வித்தியாசமே..."

"கார்டு! அட்டேன்ஷன்!"

மரத்தடியிலிருந்து இடி மாதிரி வந்தது அந்தக் குரல்.

டப்!

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பார்த்தேன். என் குதிகால்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. என் வலது கையில் கார்பைன், அதன் கட்டை எல்லைக்கல்லின் மேல், குழலிலிருந்து நூல் மாதிரி புகை. கார்பைனைத் தரையில் இடிக்காதே என்று முகாம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திய ஆர்மரர் நான்தான்! பக்கத்தில் கோவிந்தன் வெறுங்கையோடு விறைத்து நின்றான். அவன் வலது முஷ்டி இல்லாத ரைஃபிளைத் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆர்.ஐ. மெதுவாக நடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கோவிந்தனையும் பார்க்கவில்லை. நேராகச் சுந்தரத்திடம் போய் நின்றார்.

"சுந்தரம், உங்க பிரம்பு எப்பவும் எங்க இருக்கும்?"

"கக்கத்துல, சார்."

"இப்ப எங்க இருக்குது?"

சுந்தரம் கீழே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவரும் நெஞ்சை நிமிர்த்தி விறைத்துத்தான் நின்றிருந்தார். கைப்பிரம்பு அவருடைய வலது காலுக்குப் பக்கத்தில், நீட்டிய கையின் கீழ், முனை மண்ணில் குத்தி, ரைஃபிள் நிற்க வேண்டிய இடத்தில் அப்படியே நின்றது.

அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சுந்தரம் பிரம்பை மண்ணிலிருந்து பிடுங்கி, முனையைத் துடைத்துக் கக்கத்தில் வைத்தார்.

"சார், அவன் மேல நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். நானே எழுதித் தர்றேன்." அப்புறம் கோவிந்தன் பக்கம் திரும்பினார். குரல் தழைந்திருந்தது. "உன் சம்சாரத்துக்கு என்னிக்குப்பா பிரசவம்?"

"பொறந்துட்டுதுங்க ஐயா. பொண்ணு. தகவல் வந்துச்சி."

சுந்தரம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "போ. கிருஷ்ணகிரி பஸ் வர்ற நேரம். இப்படியே போ, முகாமுக்குப் போக வேணாம். லீவு நான் போட்டுக்கறேன்."

கோவிந்தன் அழுதான், சிரித்தான், யாருக்கு முதலில் சல்யூட் அடிப்பது என்று தெரியாமல் எல்லைக்கல்லுக்குக்கூட ஒரு சல்யூட் அடித்தான். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார்.

"என்னா பாய். கார்பைனை இடிச்சவனுக்கு உன் வகுப்புல என்னா தண்டனை?"

"ஓடணுங்க ஐயா. தலைக்கு மேல தூக்கிக்கிட்டு."

"அப்பறம் என்னா யோசனை?"

"அப்ப அந்தப் பிரம்புக்குங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. சுந்தரமே முதலில் சிரித்துவிட்டார்.

கார்பைனைக் காலி செய்து, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். சாவடியைச் சுற்றி, மதராஸ் ராஜ்யத்தில் பாதி, மைசூர் ராஜ்யத்தில் பாதி. லாரி டிரைவர்கள் கீழே இறங்கி நின்று கைதட்டினார்கள். யாரும் சொல்லாமலே கோவிந்தனும் என்கூட ஓடிவந்தான், இல்லாத கார்பைனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. "பஸ்ஸு போயிடும்டா, போடா!" என்று கத்துகிறேன், கேட்டால்தானே. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் தெரிந்ததும்தான் என் கையை ஒரு தடவை பிடித்து அழுத்திவிட்டு, அதே ஓட்டமாக ஓடி ஏறிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் வகுப்பு எடுத்த காலமெல்லாம் கார்பைன் காவலுக்குப் போகிறவன் மேகசினை இடுப்புப் பையில்தான் வைத்திருக்க வேண்டும், தேவைப்பட்டால்தான் மாட்ட வேண்டும் என்று விதி செய்துவைத்தேன். எவனாவது பழக்கத்தில் இடித்துவிட்டால் அவனோடு சேர்ந்து நானும் ஓடினேன். தம்பிகளே, நீங்கள் கேட்ட ரெண்டு வரி இவ்வளவுதான். ரைஃபிளுக்கும் கார்பைனுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் தலைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாது, கைக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நான் அந்தக் கார்பைனைத் தூக்கிக்கொண்டு பஸ் கண்ணுக்கு மறைகிறவரை ஓடினேன். ஆர்.ஐ. போதும் என்று சொன்ன பிறகும் ஓடினேன். தண்டனை வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் என் உத்தியோகத்தில் வேறு கிடையாது.